லாசரஸின் கடைசிக் கையெழுத்து

அன்று மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம். ஜன்னலோர நாற்காலியில் லாசரஸ். அவருக்கு வலப்புறம், மன்றத் தலைவர் பதவிக்கு நின்ற செலஸ்டின். எதிரே, அவரை எதிர்த்து நின்ற ஜோவன்னா. வாசலுக்கு முதுகு காட்டி, செயலாளராகிய நான். இடம் சிங்கப்பூர், தெம்பனிஸில் லாசரஸின் வீடு; ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் எழுத வேண்டுமென்று மணப்பாறைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். உறுப்பினர்களே, உங்களுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது நீங்கள் எழுதும் கடிதங்களிலேயே தெரிகிறது.

இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தேர்தலுக்கு முந்தின வாரம் உங்கள் வீட்டுக்கு லாசரஸின் கடிதம் வரும். 'என் வாக்கு இன்னாருக்கு' என்றிருக்கும். இன்னார் ஜெயிப்பார். நீங்கள் யோசித்துப் போட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். தேக்கா சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு அதையே கேட்கிற கூட்டம் நீங்கள். அந்தக் கடிதங்களில் ஒரு வரிகூட அவர் எழுதியதல்ல. எழுதியவன் நான். கையெழுத்து மட்டும் அவருடையது.

இம்முறை செலஸ்டினுக்காக எழுதி எடுத்துப் போயிருந்தேன். லாசரஸ் பேனாவைத் தொடவில்லை.

"இந்த வருஷம் யாருக்கும் லெட்டர் கிடையாது தம்பி. அவங்கவங்களுக்கு மூளை இருக்கு லா."

"அப்ப செலஸ்டின் அண்ணன் வீடு வீடா நடக்கணும்," என்று ஜோவன்னா சிரித்தாள். "தொப்பையாவது குறையும்."

"ஏம்மா, லிஃப்ட் எதுக்கு இருக்கு?" என்றார் செலஸ்டின். இருவரும் சிரித்துக்கொண்டே ஒன்றாகக் கிளம்பினார்கள்.

செலஸ்டின் எனக்கு உறவல்ல. நான் எழுதிய பெயர் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அங்கேயே இருந்தேன். பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"நான் சொல்லியா ஜெயிச்சாங்க?" என்றார் லாசரஸ். "யாரு ஜெயிப்பாங்கன்னு நாலு பேர்ட்ட கேட்டுட்டுத்தானே உன்ன எழுதச் சொன்னேன்."

வயதானவர்கள் இப்படி ஏதாவது சொல்வதுண்டு. நான் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். சிறிது நேரத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாக்குக்கு அடியில் அடிக்கும் மருந்து அலமாரியில் இருந்தது. "தம்பி, அத எடு," என்றார். எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு, கடிதத்தை அவர் முன்னால் நகர்த்தினேன்.

உடனே புரிந்துகொண்டார். உங்களைவிடக் கூர்மையானவர். "இதுக்கா?" என்று கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். எழுத்து நடுங்கியது, கடைசிக் கோடு தாளைத் தாண்டி மேசைவரை ஓடியது.

மருந்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் மறுநாளே அந்தக் கடிதத்தை மறுத்திருப்பார். அப்படிப்பட்ட கடிதத்துக்கு என்ன மதிப்பு? மை காயட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மை சீக்கிரம் காய்ந்துவிட்டது. அவருக்குத்தான் நேரமானது. மருந்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். அடக்கத்துக்கு மறுநாள் உங்கள் எல்லாருக்கும் பிரதி வந்து சேர்ந்தது.

செலஸ்டினுக்கு ஒன்பதே வாக்கு. ஜெயித்தது ஜோவன்னா.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் வாக்கு எண்ணிய இடத்தில் உங்களில் ஒருவரான அல்போன்சம்மாள் என் காதுபடச் சொன்னார்: "அந்த லெட்டரயா? அத யாரு படிச்சா. சைன்கூட லாசரஸ் அண்ணனோடது இல்ல, செக்ரட்டரியே போட்டுக்கிட்டது." நீங்கள் அத்தனை பேரும் தலையாட்டினீர்கள்.

நான் பொய்க் கையெழுத்துப் போடுகிறவனல்ல. அது அவருடையதுதான். ஏன் நடுங்கியது என்பதை மேலே வரிசையாக எழுதியிருக்கிறேன். சாட்சி நான் ஒருவன்தான். காவல்துறைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

காவல்துறைக்கான உறையை ஒட்டியாயிற்று; உங்களுடையதை ஒட்டுவதுதான் பாக்கி. தபால்தலைகள் நேராக இருக்கின்றன. கீழே தபால்பெட்டியை ஐந்து மணிக்குத் திறப்பார்கள். இப்போது நாலே முக்கால். சந்தேகம் தீர்ந்துவிட்டதால் மறுதேர்தல் வைப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த முறையாவது கையெழுத்தைப் பார்த்து வாக்குப் போடுங்கள்.