அட்டை கடித்தால் என்ன செய்வது

வேலூரிலிருந்து ஆரணிக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும்.

“ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டுகினு இருக்கீங்க. காட்டுல அட்டை கடிச்சா ரத்தம் நிக்குமான்னு டாக்டர கேட்டீங்களா?” என்றார் மனைவி.

“கேட்டேன். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா நின்னுடுமாம். இதயம் நல்லா இருக்குது, மலேசியா காட்டுல தாராளமா நடக்கலாம்னு சிரிச்சிகினே சொன்னாரு.”

கணவர் உடனே போனில் விமான டிக்கெட் தேடினார். அந்தக் காட்டுக்குப் போக கோலாலம்பூரில் இறங்கி இன்னொரு விமானம் மாற வேண்டும் என்று படித்துக் காட்டினார்.

“நீங்க வெளிய வந்தப்புறம் நானும் உள்ள போயி ஒண்ணு கேட்டேன்,” என்றார் மனைவி. “ராத்திரில எழுந்து எழுந்து இவரு மூச்சு விடறாரான்னு பாத்துகினு இருக்கேன், இன்னும் பாக்கணுமான்னு.”

அவர் நிமிர்ந்தார். “தெனமுமா?”

“இதயத்துல ஸ்டென்ட் வெச்சதுலேந்து.”

“இன்னா சொன்னாரு?”

“நீங்க தூங்குங்கம்மான்னாரு.”

அவர் மறுபடியும் போனில் டிக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

கண்ணமங்கலம் தாண்டியதும், “உனக்கு ஜன்னல் சீட்டே போட்டுடவா?” என்று கேட்டார். அந்த அம்மாள் அவர் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டிருந்தார். அவர் தோளை அசைக்காமல், ஒற்றை விரலால் இரண்டு டிக்கெட்டையும் போட்டு முடித்தார்.