முப்பத்தேழாம் பக்கத்து ஓட்டை

மேடையில் வீற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

கணினியால் எதெல்லாம் விரைவாகச் செய்ய முடியும் என்று உலகமே தேடியது. எதெல்லாம் முடியாது என்று தேடியவர், நம்மை விட்டு மறைந்த பேராசிரியர், நான் அண்ணன் என்றே அழைத்தவர்! மாணவர்களே, நீங்கள் வைத்த 'முடியாது சார்' என்ற பட்டப்பெயர் அவருக்கும் தெரிந்திருந்தது. குவாண்டம் கணினி விற்க வந்தவர் ஒருவர், "எந்தக் கணக்கா இருந்தாலும் நொடியில போட்டுடும் சார்" என்றார். அண்ணன் அவரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, அது எந்தெந்தக் கணக்கைப் போடாது என்று மூன்று மணி நேரம் விளக்கினார். வந்தவர் வேலையை விட்டுவிட்டு நம் துறையிலேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். அதோ, ஒலிபெருக்கி பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான்!

வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அண்ணியே என்னிடம் சொன்னார்கள்: "கடைக்குப் போங்கன்னா, முடியாதுன்னு சொல்லிட்டாக்கூடப் பரவாயில்லை தம்பி. நிரூபிக்கறாரே!"

ஒரு கணக்கைக் குவாண்டம் கணினியாலும் விரைவில் தீர்க்க முடியாது என்பது அவருடைய பெரிய தேற்றம். அதைத் துறை வாசலில் கல்லில் வெட்டப் போகிறோம். கல்லும் வந்து இறங்கிவிட்டது. தலைவர் அவர்களே, தயவுசெய்து அந்த வேலையை நிறுத்திவையுங்கள்.

அந்த நிரூபணத்தின் முப்பத்தேழாம் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது. போன மாதம் நான்தான் கண்டேன். சொல்வதற்காக மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு முறை பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை அவரே கேட்டார்.

"முப்பத்தேழைப் பார்த்துட்டியா?"

"பார்த்தேன் அண்ணே. சொல்ல முடியலை."

"முடியலைங்கறது வேற, முடியாதுங்கறது வேற. இருபது வருஷம் என்கூட இருந்தும் இது புரியலையா? எனக்கு ஒரு வழி தெரியலைன்னா, வழியே இல்லைன்னு ஆயிடுமா? அங்கதான் வழுக்கி விழுந்துட்டேன். என் இரங்கல் கூட்டத்துல சொல்லிடு. அன்னிக்குத்தான் எல்லாரும் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருப்பாங்க."

தன் புகழைத் தானே இடிக்கச் சொல்லிவிட்டுப் போன மனிதரை வேறெங்கே பார்ப்போம்? அண்ணி, நீங்கள் தலையசைக்கிறீர்கள். உங்களுக்கும் சொல்லியிருக்கிறார்! நான்தான் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. அவர் இல்லாத துறைக்குள் நுழையவே எனக்குக் கால் வரவில்லை.

ஆனாலும் உறுதி கூறுகிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய அறையில் கூடுகிறோம். அந்த ஓட்டையை அடைக்கிறோம்! அடைக்க முடியவில்லை என்று ஒருவரும் என்னிடம் வரக் கூடாது. அடைக்கவே முடியாது என்றால், நிரூபித்துவிட்டு வாருங்கள்!