நாலேகால் மணிவரை செல்லும் கையெழுத்து

தீவுப்பகுதிக் குடும்பநலக் கந்தோரின் பொறுப்பதிகாரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் வீற்றிருந்து, 1986 செப்டெம்பர் முப்பதாம் நாளாகிய இன்று ஓய்வுபெறும் உயர்திரு க. சிவபாதம் அவர்களுக்கு, அவர்தம் கீழ்ப் பணியாற்றிய நாங்கள் எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்

கடமை தவறாக் கனவானே! கோவைகளைக் குறைவறக் காத்த கோமானே! சட்டமும் சுற்றறிக்கையும் சரளமாய்ச் சொல்லவல்ல சான்றோரே! வணக்கம்.

முதல் பஸ் வருமுன் கந்தோர் வந்து, கடைசிக் கடிதம் பதிவாகும்வரை கதிரை விட்டெழாது, காற்றிலும் மழையிலும் ஒருநாளும் பிந்தாது பணிபுரிந்த பெருந்தகையே! ஒரு குட்டான் பனங்கட்டிகூட ஒருவரிடமும் கைநீட்டி வாங்காதவர் நீங்கள். எங்களில் எவரையும் தரக்குறைவாய் ஏசியதில்லை. உங்கள் கையெழுத்தின் அழகை மாவட்டக் கச்சேரி அதிகாரிகளும் மெச்சுவார்கள். இவற்றில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மீதியையும் பொய்யில்லாமலே சொல்லப்போகிறோம்.

முன்வாங்கில் உட்கார்ந்திருப்பவரை உங்களுக்குத் தெரியும். இறுப்பிட்டி சறோஜினிதேவி. பக்கத்தில் மகள் லலிதாம்பிகை, பிறவியிலேயே காது கேளாதவள். நாங்கள் வாசிக்க வாசிக்க அவள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

தகப்பன் தில்லைநாதன் கடற்படையில் இயந்திரம் திருத்துபவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவர் படைக்குள் தமிழன், ஊருக்குள் படையாள். இரண்டு இடத்திலும் அந்தக் குடும்பத்தோடு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. ஆனாலும் ஒரு வழி இருந்தது. படையினரின் பிள்ளைகளில் காதோ கண்ணோ குறைந்தவர்களுக்குக் கருவியும், விடுதியோடு பள்ளியும் கொடுக்கும் திட்டம் அது. பத்து வயதாகுமுன், குடியிருக்கும் பகுதியின் பொறுப்பதிகாரி சிபாரிசு அனுப்பவேண்டும். தீவுப்பகுதிக்கு அந்த அதிகாரி நீங்கள்.

எண்பத்துமூன்று கார்த்திகையில் தாய் முதன்முதல் வந்தார். பிள்ளைக்கு அப்போது ஏழு வயது.

"தகப்பன் நேரில வந்து எனக்கு முன்னால கையெழுத்து வைக்கவேணும். சட்டம் அப்பிடி, நான் என்ன செய்யிறது?" என்றீர்கள்.

"அவர் இஞ்சை வர ஏலாது ஐயா. வந்தால் இயக்கப் பெடியள் திரும்பிப் போக விடமாட்டினம்" என்றார் அவர்.

"அப்ப வரேக்கை பாப்பம்."

சட்டம் காத்த சீலரே! அதற்குப் பிறகும் அந்தத் தாய் எத்தனை தரம் வந்தார், எத்தனை தரம் அதே பதிலோடு போனார் என்பதை இந்த வாங்கு அறியும். எண்பத்தைந்து தை மாதம் தில்லைநாதன் வந்தார். மகளுக்காக மூன்று நாள் லீவு கேட்டு வாங்கி, சாரமும் சேட்டுமாய் பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கினார். சந்தியிலிருந்து கந்தோர் முந்நூறு யார். மனைவி இங்கே விண்ணப்பத்தை மடியில் வைத்தபடி காத்திருந்தார். சந்தியில் நின்ற வான் ஒன்று அவரை ஏற்றிக்கொண்டு போனதை எங்கள் கந்தோர்ப் பியோன் எமிலியானுஸ் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று கண்டார். இன்றுவரை ஆள் இல்லை.

அன்று பின்னேரம் அந்த விண்ணப்பக் கோவையில் உங்கள் அழகான கையால் எழுதினீர்கள்: "விண்ணப்பதாரி சமுகமளிக்கவில்லை."

போன கிழமை பொறுப்பளிப்புப் பட்டியல் தயாரிக்க எங்கள் லிகிதர் மேரிஜோசப்பின் அக்கா உங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தார். அங்கே அந்தத் திட்டத்தின் சுற்றறிக்கை இருந்தது. தந்தை வரமுடியாதவிடத்துத் தாயின் கையெழுத்தே போதும் என்று ஐந்தாம் பந்தி சொல்கிறது. அதன் ஓரத்தில் "பார்த்தேன்" என்று உங்கள் எழுத்து. திகதி, எண்பத்துமூன்று மார்கழி.

ஐயா, நீங்கள் பயந்தீர்கள். கடற்படைக்காரன் பிள்ளைக்குக் கையெழுத்து வைத்தவர் ஆர் என்று ஒருநாள் வாசலில் வந்து கேட்பார்களோ என்ற பயம். அது எங்களுக்கும் இருந்தது. "எனக்குப் பயமாயிருக்கு பிள்ளை" என்று அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தில்லைநாதன் வந்திருக்கமாட்டார். நீங்கள் சட்டம் என்றீர்கள். அவர் நம்பி வந்தார். சந்தியில் கண்டதை எமிலியானுஸ் அன்றே எங்களிடம் சொன்னார். நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்கு நாங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டியது உங்களிடம் அல்ல, முன்வாங்கில்.

லலிதாம்பிகைக்கு வருகிற ஒன்பதாம் திகதி பத்து வயது. தந்தை காணாமற்போனாலும் பிள்ளையின் உரிமை போகாது என்று கடற்படை நலப்பிரிவு எழுதியிருக்கிறது. உங்கள் இடத்துக்கோ இன்னும் ஒருவரும் நியமிக்கப்படவில்லை. தீவுக்கு வர ஆருக்கும் மனமில்லை.

மேசையில் பூமாலைத் தட்டத்தின் கீழே சிபாரிசுக் கடிதம் இருக்கிறது. தாய் ஒப்பமிட்டுவிட்டார். சாட்சிகளாக நாங்கள் ஒன்பது பேரும் முழுப்பெயரோடு ஒப்பமிட்டிருக்கிறோம். நாளைக்கு எவராவது வந்து கேட்டால் உங்களோடு சேர்த்துப் பத்துப் பேரையும் கேட்கட்டும்.

உங்களுக்கு நாங்கள் அளிக்கும் அன்பளிப்பு ஒரு பேனை. மை நிரப்பியிருக்கிறோம்.

பண்பாளரே! நோயற்ற உடலும் நூறாண்டு வாழ்வும், கடைசி நாள்வரை நன்றாய்க் கேட்கும் இரண்டு காதுகளும் உங்களுக்கு அருளும்படி நயினை அம்மனை வேண்டுகிறோம். மாலையும் வடையும் படம் பிடிப்பும் பிறகு. இப்போது மணி மூன்று நாற்பது. நாலேகாலுக்குக் கந்தோர் பூட்டும். அதுவரைதான் உங்கள் கையெழுத்துச் செல்லும்.

பிள்ளை இப்போது எங்கள் வாயைப் பார்க்கவில்லை. உங்கள் கையைப் பார்க்கிறாள். எடுங்கள், ஐயா.

இங்ஙனம்,
ஒப்பமிட்டு நிற்கும்
கந்தோர் அலுவலர் ஒன்பதின்மர்