பதினேழாம் கட்டிலின் பெட்டி

"இந்த மாத்திரை எதுக்குன்னு காரணம் எழுதுங்க சார்."

டாக்டரிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, மனநல மருத்துவமனையின் மருந்தகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். கேட்டேன். எங்கள் வீட்டில் மருந்துச் சீட்டை எழுத்துக் கூட்டாமல் படித்த முதல் ஆள் நான். அப்பா டாக்டர்கள் முன்னால் தலையாட்டியே ஆயுளைக் கழித்தவர். எனக்கு அந்தக் கழுத்து வாய்க்கவில்லை.

டாக்டர் சிரித்தார். "எண்ணிப் போடும்மா. அதுக்குத்தானே படிச்சே?"

பெண்கள் வார்டில் ஒரு கட்டிலுக்கு அரை நிமிடம் நிற்பார். சீட்டில் 'முன்பு போலவே' என்று எழுதுவார். பதினேழாம் கட்டில் டீச்சருக்கு இப்படியே பதினான்கு மாதம் ஓடியிருந்தது. மனநோய்க்கு ஒரே வகை மாத்திரையில் மூன்று. அவை தரும் நடுக்கத்துக்கு நான்காவது. டீச்சருக்கு எச்சில் வழியும். பென்சில் பிடிக்க வராது.

"அது பாட்டுக்குக் கிடக்கு. உனக்கென்ன குடைச்சல்?" என்றார் பெரிய சிஸ்டர்.

தூங்குகிற நோயாளிதான் இவர்களுக்கு நல்ல நோயாளி. எல்லோரும் கூடிப் பேசி டீச்சரை அமுக்கிவைத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் பட்டது.

வாரத்துக்கான மாத்திரைகளை அவரவர் பெட்டியில் நிரப்புவது என் வேலை. டீச்சர் பெட்டியில் அதே நிறத்துச் சத்து மாத்திரைகளை வைத்தேன். சிஸ்டர் வழக்கம்போல நாக்கைத் தூக்கச் சொல்லி, விழுங்கியாயிற்றா என்று பார்த்தார். பெட்டிக்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. நிரப்பியவள் படித்தவளாயிற்றே.

மூன்றாம் வாரம் டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எந்த கிளாஸ்? முடியை ஒழுங்காக் கட்டு" என்றார். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

ஆறாம் வாரம் தூக்கம் போயிற்று. தண்ணீரில் விஷம் என்று டம்ளரைத் தட்டிவிட்டார். "என் மாத்திரையை மாத்திட்டாங்க" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். யாரும் நம்பவில்லை.

மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லையென்றால் நோய் முற்றிவிட்டது என்பது டாக்டரின் கணக்கு. மருந்துக்குப் பழகிய உடம்புதானே என்று ஊசியை உச்ச அளவில் எழுதினார். அந்த உடம்பு மருந்தைக் கண்டு ஒன்றரை மாதமாகியிருந்தது. சீட்டு என் கைக்குத்தான் வந்தது. ஊசி மருந்தை எடுத்துக் கொடுத்தேன்.

வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால், அந்த மாத்திரைகள் தேவைதான் என்று ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள் காய்ச்சல். உடம்பு கட்டையாக விறைத்தது. ஐந்தாம் நாள் டீச்சர் போய்விட்டார்.

விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டது. "மாத்திரையெல்லாம் சரியாப் போச்சாம்மா?"

"சீட்டுல இருந்தபடி போச்சு."

எதிரே டாக்டர் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்றார். அவர் என்னிடம் கெஞ்சி அன்றுதான் கேட்டேன்.

யோசித்துத்தான் சொன்னேன். ஊசியை எழுதியது அவர், போட்டது சிஸ்டர். அந்த டீச்சரைச் சில வாரமாவது விழிக்கவைத்தது நான் ஒருத்திதான்.

கையெழுத்துப் போட்டேன். வார்டில் இன்னும் இருபத்துமூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெட்டிகளிலும் காலையிலேயே சத்து மாத்திரைகளை நிரப்பி அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தேன். அவர்களையாவது காப்பாற்ற வேண்டும். நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு வெளியே நடந்தேன்.