எதிராளியிடம் கேட்ட ஓட்டு

அன்னூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு மாணவிகள். ஜன்னலோரம் இருந்தவள் பல்கலைக்கழகத்தில் அறிவியல் மாணவர் பிரதிநிதி தேர்தலில் நிற்கிறாள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“எதிர்த்து நிக்கறவகிட்டயே ஓட்டுக் கேட்டுப்போட்டேன்டி.”

“கிறுக்கா உனக்கு?”

“கல்யாணத்துக்கு அழைக்கறப்ப பேச்சுவார்த்தை இல்லாத ஊட்டையும் உட மாட்டோமல்ல? அப்படித்தான்.”

“சிரிச்சிருப்பாளே?”

“எதுக்கு நிக்கறேன்னு கேட்டா. லேப் முடியறதுக்குள்ள நம்மூரு பஸ் போயிருது, பாதியில உட்டுப்போட்டு ஓடியாரோம்னு சொன்னேன். அவ ஹாஸ்டல்காரி, அவளுக்கு அது தெரியவே இல்ல.”

“அப்புறம்?”

“இன்னைக்கு மேடையில, ஜெயிச்சா லேப் நேரத்தை மாத்தறதுதான் முதல் வேலைன்னு பேசிட்டா.”

“அடிப்பாவி, உன்னோடதைத் திருடிட்டா! நீ தோத்துருவ.”

“தோத்தா என்ன அம்மணி? இனி யாரு ஜெயிச்சாலும் நமக்கு பஸ் கிடைச்சுருமல்ல.”

இறங்கும்போது அந்த ஜன்னலோர முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.