நானூறு பேரை மேய்க்கிறவள்

— இன்னா பாப்பா, பத்து நிமிசத்துல வந்துட்ட? பழைய சிநேகிதிங்கள பாக்கணும்னு கம்பெனி உள்ள போன, என் டீ ஆர்றதுக்குள்ள கேட்டுக்கு வெளிய நிக்கிற?

— நைனா, முனிகிருஷ்ணன்னு ஒருத்தர்கிட்ட நீ இன்னா சொன்ன?

— எந்த முனிகிருஷ்ணன்?

— இந்தக் கம்பெனியில ஆள் எடுக்கிறவரு. போன வாரம் பைக்கு ரிப்பேர்னு சத்தியவேடு பஸ்ல வந்தாராம். பக்கத்து சீட்ல ரிட்டையர்டு கண்டக்டர் ஒருத்தரு, பேரு தணிகாசலம். வரதய்யபாளையம் வர்ற வரைக்கும் வாய மூடலையாம்.

— ஓ, அந்த ஒல்லிப் பையனா! தங்கமான புள்ள. நான் பேச ஆரம்பிச்சதும் வாயத் தொறந்தவன், மூடவேயில்ல. ஒரு ஈ உள்ள போயி ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துது, அதுகூட அவனுக்குத் தெரியல.

— இன்னா சொன்னன்னு கேட்டேன்.

— இன்னாத்த சொல்லிட்டேன்? எம் பொண்ணு ஹரிதா அமெரிக்காவுல மருந்து கம்பெனியில பெரிய ஆபீசரு, கீழ நானூறு பேரு. கையெழுத்துப் போட்டுப் போட்டு வெரலு வீங்கி, அதுக்குன்னே ஒரு டாக்டர சம்பளத்துக்கு வெச்சிருக்காங்கன்னேன்.

— நைனா!

— சரி, டாக்டரு கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா நம்பினான் பாப்பா! கார் ஓட்ட ஒரு வெள்ளக்காரன், அவனுக்கு நீ தெலுங்கு கத்துக் குடுத்து, இப்ப போலாம் மேடம்னு சொல்றதுக்கு ‘பதண்டி மேடம்’னுதான் கதவையே தொறக்கிறான்னேன். பஸ்ஸே சிரிச்சிது. முப்பத்தி மூணு வருசம் டிக்கெட் கிழிச்சேன், எவனாச்சும் என் மூஞ்சிய நிமிந்து பாத்தானா? இப்ப நான் ஏறினா எந்திரிச்சி எடம் குடுக்கிறானுங்க. எல்லாம் உன்னாலதான்.

— ஏம்மா, நீதான் கண்டக்டர் பொண்ணா? நானூறு பேர மேய்க்கிறியாமே! நான் இந்த ஒரு டீக்கடைய மேய்க்க முடியாம கெடக்கிறேன். டீ போடட்டா?

— வேணாங்க்கா.

— பாத்தியா, டீக்கடக்காரம்மா வரைக்கும் சேதி வந்துருச்சி. ரேடியோகூட இவ்ளோ தூரம் எடுக்காது.

— நான் சிநேகிதிங்கள பாக்கப் போவல நைனா. இன்டர்வியூவுக்குப் போனேன்.

— நீ எடுக்கிற இன்டர்வியூவா?

— எனக்கு எடுக்கிற இன்டர்வியூ. கல்யாணத்துக்கு முன்ன பாத்துக்கினு இருந்தேனே, அதே குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை.

— வெளையாடாத.

— பாரத்துல உள்ளத உள்ளபடி எழுதியிருந்தேன். ஆறு வருசத்துல ரெண்டு வருசம்தான் வேலை செஞ்சேன், இப்ப ஏழு மாசமா சும்மா இருக்கேன்னு. படிச்சிட்டு அந்த முனிகிருஷ்ணன் சாரு சிரிக்கிறாரு. ‘உங்க நைனா நானூறு பேருன்னாரு, நீ சும்மா இருக்கேன்ற. ரெண்டுல எதும்மா பொய்யி? லீவுக்கு வந்த எடத்துல பொழுது போவலன்னு வேலை கேக்கிறியா? அடுத்த மாசம் நீ ஃப்ளைட் ஏறிட்டா மேல நான் இன்னா பதில் சொல்றது?’ன்னாரு.

— ஏழு மாசமா சும்மாவா?

— ஆமா.

— வாரா வாரம் போன்ல ‘ஆபீஸ்ல பிசி’ன்னியே?

— நீ நானூறு பேருன்ன, நான் பிசின்னேன். உம் பொண்ணுதானே.

— தொரத்திட்டாங்களா? தப்பு கிப்பு எதனா…

— தப்பு ஒண்ணும் இல்ல. கார்டு முடிஞ்சிபோச்சி.

— எந்தக் கார்டு?

— உனக்குப் புரியற மாதிரி சொல்றேன். பஸ்ல கைக்கொழந்தைக்கு இன்னா டிக்கெட்டு?

— டிக்கெட்டே கெடையாது. பெத்தவ மடியில ஒக்காரணும். தனி சீட்டு கேக்கக் கூடாது.

— அங்க நானும் அப்படித்தான். டிக்கெட்டு வாங்கினவரு உன் மாப்ள, நான் அவரு மடியில. எம்.எஸ்சி. படிச்ச கைக்கொழந்த. அங்கயே நிரந்தரமா தங்குறதுக்கு அவரு கம்பெனி மனு போட்டு, அது பாஸான அப்பால, ‘சரி, வரிசையில நிக்கிற வரைக்கும் பொண்டாட்டியும் வேலை செய்யலாம்’னு ஒரு கார்டு குடுத்தாங்க. ரெண்டு வருசம் எனக்குன்னு ஒரு சீட்டு. தேதி முடியறதுக்கு முன்னாடியே புதுசுக்கு எழுதிப் போட்டேன். முன்னெல்லாம் எழுதிப் போட்டிருந்தா போதும், பழைய கார்டையே வெச்சிக்கினு ஓட்டலாம். இப்ப அதையும் எடுத்துட்டாங்க. புதுக் கார்டு வரல. தேதி முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் கம்ப்யூட்டர திருப்பி வாங்கிக்கினு, கேக் வெட்டி அனுப்பிட்டாங்க.

— கேக்கா?

— ‘சீக்கிரம் திரும்பி வா’ன்னு மேல க்ரீம்ல எழுதியிருந்துது.

— அந்த நிரந்தரம் எப்பத்தான் வரும்?

— நம்ம நாட்டு ஆளுங்க வரிசை பெருசு நைனா. திருமலையில கம்பார்ட்மென்ட்ல அடைச்சி வெக்கிறாங்க இல்ல?

— ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள். எப்படியும் சாமிய பாத்துட்டுத்தான் வருவோம்.

— அங்க உள்ள ஒக்காந்துக்கினே தல நரைச்சிரும். கதவு எந்தப் பக்கம்னுகூட எவனும் சொல்ல மாட்டான்.

— ஏழு மாசமும் இன்னாதான் செஞ்ச?

— தபால் வண்டிய பாத்தேன். பதினொண்ணரைக்கு வரும். ஓட்டிக்கினு வர்ற அம்மாவுக்கு என் மூஞ்சி பழகிப்போச்சி. தூரத்துல வரும்போதே இல்லன்னு தலைய ஆட்டுவா. அந்தத் தலையாட்டல பாக்க முடியாம, வெளிய போறதையே வுட்டுட்டேன். ஸ்கிரீன இழுத்து வுட்டுக்கினு தரையத் தொடைப்பேன். காலையில ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி, அவரு வர்றதுக்கு முன்ன ஒருவாட்டி. தரையில அழுக்கே இருக்காது. ஒருநாள் நானே கொஞ்சம் காப்பித்தூள் கொட்டினேன், தொடைக்கிறதுக்கு.

— அம்மாடி… இதெல்லாம் உங்கம்மாவுக்குத் தெரியுமா?

— தெரியாது. நீயும் சொல்லாத. நைனா, இன்னும் ஒண்ணும் கெட்டுப்போவல. அந்த சாரு நல்லவரு. ‘நாலு மணி வரைக்கும் உன் பேர அடிக்காம வெச்சிருக்கேன். உங்க நைனாவ கூட்டியா. பஸ்ல சொன்னது பொய்யி, பொண்ணு திரும்பிப் போவமாட்டான்னு அவரு வாயாலயே சொல்லட்டும்’னாரு.

— ஹூம். ஒண்ணு பண்ணலாம். உனக்கும் மாப்ளைக்கும் சண்டைன்னு சொல்றேன். சாதா சண்ட இல்ல, தெருவே கூடி, மேல ஹெலிகாப்டர்ல போலீசு வந்து எறங்கி…

— போதும் நைனா! புதுசா ஒண்ணும் கட்டாத. ‘பொய் சொன்னேன்.’ ‘திரும்பிப் போவமாட்டா.’ ரெண்டே வார்த்த.

— மொத வார்த்தைய சொல்லிடறேன். அப்பால பஸ்ல மூஞ்சி காட்ட முடியாது. போவுது, நடந்து போறேன். ரெண்டாவது என் வாயில வராது.

— ஏன்?

— மாப்ள அங்க ஒண்டியா கெடக்க, நீ இங்க டிபன் பாக்ஸ் கட்டிக்கினு வேலைக்குப் போவியா? புருசன் ஒரு தேசம், பொண்டாட்டி ஒரு தேசமா? கார்டு வந்தா வருது, வராங்காட்டி போவுது. கிரண்குமார் மாதிரி ஒருத்தர சல்லட போட்டு சலிச்சாலும் கெடைக்காது. அவரு கொண்டாராரு, நீ துன்னுக்கினு இரேன். மடியோ சீட்டோ, பஸ்ஸு ஓடிக்கினுதானே கீது?

— நைனா, உள்ள வந்து அத சொல்லேன். உன் காலப் புடிச்சிக் கேக்கிறேன்.

— கால வுடு, அந்தம்மா பாக்குது. கல்யாணத்தன்னிக்கு புத்தூர் சம்பந்தி முன்னால உன் கையப் புடிச்சி மாப்ள கையில குடுத்தவன் நானு. அவர அந்தரத்துல வுட்டுட்டு, எம் பொண்ணு போவமாட்டான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அவரு சொல்லட்டும். ‘மாமா, அவ அங்கயே இருக்கட்டும்’னு ஒரு வார்த்த சொன்னா, இந்த கேட்டுலேர்ந்து முனிகிருஷ்ணன் மேசை வரைக்கும் அங்கப்பிரதட்சணமே பண்றேன். போன எடு.

— இப்ப வேணாம்.

— ஏன்? அங்க இப்ப நடுராத்திரி, அதானே? காலையில ஆபீஸ் போவப்போற மனுசனத் தூக்கத்துல எழுப்பணுமேன்னு எனக்கும் சங்கடம்தான். ஆனா நாலு மணிக்குள்ள…

— எழுப்பலாம் நைனா. அவருக்கும் இப்ப மத்தியானம் பன்னெண்டரைதான். வேலை போயி ரெண்டு மாசம் ஆவுது, வேலை இல்லாம அங்க இருக்க வுடமாட்டாங்க, ஒரே ஃப்ளைட்லதான் வந்தோம்; திருப்பதி பஸ்டாண்டு எதிர்க்க ஒரு லாட்ஜுல பதினோரு நாளா கீறாரு, எறங்கினா உன் பஸ்ல போறவன் எவனாச்சும் பாத்துருவான்னு ஒரு டீ குடிக்கக்கூட வெளிய வரல.