முதல் பொறிக்கு உள்ளே உட்காருகிறவன்

முட்டி வலியிலிருந்து தொடங்குகிறேன், ஐயா. எல்லாம் அதனால்தான் நடந்தது என்று என் வீட்டில் நம்புகிறார்கள். வலது முட்டி. உட்கார்ந்தால் எழ விடாது, எழுந்தால் உட்கார விடாது. காலமெல்லாம் இரும்பு ஏணியில் ஏறி இறங்கினவனுக்கு முட்டி என்று ஒன்று மிஞ்சியிருப்பதே பெரிது. காலை நீட்டிக்கொள்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் கப்பல் பட்டறை யார்டுக்குக் கச்சா எண்ணெய் சுமந்து கிழடு தட்டின கப்பல்கள் வரும். மனுஷனென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கப்பலை விட மாட்டார்கள். தலையையும் வாலையும் அப்படியே வைத்துவிட்டு, இடுப்பை வெட்டித் தாழ்த்தித் தட்டையான தளமாக்குவோம். அப்புறம் அது வயிற்றில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு பாதி முங்கும். கடலில் எண்ணெய் தோண்டுகிற மேடையோ, உடைந்த கப்பலோ, அதன் அடியில் நுழைந்து, தண்ணீரை வெளியேற்றி, முதுகில் தூக்கிக்கொண்டு எழும். கிழடான பிறகு சுமை கூடுவது அந்தக் கப்பலுக்கும் எங்கள் வீட்டு ஆண்களுக்கும்தான்.

வெட்டுவதற்கு முன்னால் எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவி, காற்றடித்து, உள்ளே வாயு இல்லை என்று பார்க்க வேண்டும். அது என் வேலை. கையில் ஒரு மீட்டர், தொட்டிக்குள் இறக்க அதற்கு ஒரு குழாய், வாயுவைக் காட்ட ஒரு முள். முள் படுத்திருந்தால் வெட்டலாம், எழுந்தால் கூடாது. அதனால் எனக்கு முள்ளு மேஸ்திரி என்று பெயர். குத்துகிறவன் என்று யாரும் நினைத்ததில்லை.

யார்டில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சட்டத்திலும் இல்லாதது, ஆனால் மீறினவனும் இல்லை. எவன் நாலு பேர் நடுவே ‘சுத்தம்’ என்று சொல்கிறானோ, அவன் தொட்டியின் அடியில் போய் உட்கார வேண்டும். வெட்டுக்காரர் மேலே தளத்தை நெருப்பால் சுட்டு ஓட்டை போடுவார். முதல் பொறி கீழே விழும். உட்கார்ந்தவன் ஏணியேறி முழுசாக வெளியே வந்தால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். பொய் சொல்லாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நானும் எத்தனையோ தொட்டிகளில் உட்கார்ந்தவன்தான். வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பத் திரும்ப முள்ளைப் பார்த்துவிட்டு, அப்புறமும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்காருவேன்.

மாப்பிள்ளை என் தங்கையின் புருஷன். நானே பார்த்து முடித்த சம்பந்தம், நானே யார்டில் சேர்த்துவிட்ட ஆள். அவனுக்கு ஒரு மூக்கு இருந்தது. தொட்டி வாயில் குனிந்து ஓர் இழுப்பு இழுப்பான். “மச்சான், துருவுக்குப் பின்னால கசடு கிடக்கு. சுட்டா வாயு கிளம்பும். இன்னைக்கு வேண்டாம்” என்பான். குழாயை இறக்கிப் பார்த்தால் முள்ளும் அதையே சொல்லும், ஆனால் கொஞ்சம் தாமதமாக. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வெட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் மேனேஜரே வந்து, “அடுத்த கப்பலுக்கு மாப்ளையே பார்க்கட்டும் மேஸ்திரி. நீங்க ஸ்டோர்ல உட்காருங்க, முட்டிக்கு நல்லது” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். என் தலை எப்போதுமே நல்ல பழக்கம் உள்ள தலை.

ஸ்டோரில் என்ன வேலை தெரியுமா? நட்டு கேட்டால் நட்டு, போல்ட்டு கேட்டால் போல்ட்டு. இதற்காக ஒருவன் இன்னொருவனை என்ன செய்துவிடுவான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் என்னையே கேட்டுக்கொண்டேன், ஆனால் கொஞ்சம் தாமதமாக, என் முள்ளைப் போல.

அதற்கு அடுத்த வாரம் தங்கை வீட்டில் சாப்பிட்டேன். மாப்பிள்ளை தும்மிக்கொண்டே இருந்தான்.

“சளி பிடிச்சு மூக்கு அடைச்சுக்கிச்சு அண்ணா” என்று தங்கை சிரித்தாள். “அடுப்புல பால் தீஞ்சு வீடே நாறுது. இவரு பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறாரு.”

நானும் சிரித்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது. இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை இரண்டாம் தொட்டி. குழாயை அடிவரை இறக்கினேன், பார்த்தேன், சுருட்டினேன். மீட்டரை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். வெட்டுக்காரர்கள் சுற்றி நின்றார்கள். வீட்டில் அவனை ‘நீ’ என்பேன். யார்டில் ஆள் கூடினால் ‘நீங்க’ போடுவேன். மரியாதை அல்ல, கிண்டல்.

“என்ன மாப்ளே, எப்படியிருக்கு?”

“மீட்டர் என்ன சொல்லுது மச்சான்?”

“அது கிடக்குது கழுதை. அடுத்த கப்பல் உங்களுது. இப்பவே பழகிக்க வேண்டாமா? உங்க மூக்கு என்ன சொல்லுது?”

“மூக்குக்கு இன்னைக்கு லீவு மேஸ்திரி” என்றார் பெரிய வெட்டுக்காரர். “காலையிலேர்ந்து ஒழுகிட்டு இருக்கு.”

“அப்படியா? சரி விடுங்கப்பா. மாப்ளைக்குப் பயமா இருந்தா நானே நொண்டிக்கிட்டு இறங்குறேன். ஸ்டோருக்குப் போற காலுதானே.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். குனிந்து ஓர் இழுப்பு இழுத்தான், தும்மினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என் முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததை வரவழைக்க நான் ராத்திரியெல்லாம் பழகியிருந்தேன்.

“நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்” என்றான். “இந்த முட்டியை வச்சுக்கிட்டு நீங்க எங்க இறங்குறது? நான் போறேன். சுத்தம்தான் மச்சான்.”

நான் சொல்லவில்லை, ஐயா. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த வார்த்தையை அவன்தான் சொன்னான்.

முதல் பொறிக்கே தொட்டி பற்றிக்கொண்டது. மேலே இருந்த பெரிய வெட்டுக்காரருக்குப் புருவம் மட்டும் போயிற்று. மாப்பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தார்கள். சாவுக்கு வந்த மேனேஜர், “பாவம், அவரு மூக்கே அவரை ஏமாத்திடுச்சு” என்றார். அப்போதும் என் தலை ஆடியது.

தங்கை இப்போது என் வீட்டில் இருக்கிறாள். தினமும் வெந்நீரில் துணி முக்கி என் முட்டிக்கு ஒற்றடம் கொடுக்கிறாள். “இது மட்டும் வலிக்கலைன்னா நீங்கதான் இறங்கியிருப்பீங்க அண்ணா. உங்களையாவது எனக்கு மிச்சம் வச்சுது” என்று அந்த முட்டியைத் தடவுகிறாள். ஒரு நாள் நினைப்பில்லாமல் இடது காலை நீட்டிவிட்டேன். அதற்கும் ஒற்றடம் கொடுத்தாள்.

அன்று விசாரணையில், சம்பவம் நடந்தபோது எங்கே நின்றாய் என்று கேட்டீர்கள். கப்பலின் பின்கோடியில் என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். இரண்டாம் தொட்டி முன்பக்கம் இருக்கிறது, ஐயா. நடுவில் ஒரு தெரு நீளம். முட்டி வலிக்கிறவன் அவ்வளவு தூரம் ஏன் நடந்தான் என்று நீங்கள் கேட்கவில்லை. நொண்டாமல் நடந்தேன். வேகமாகவே நடந்தேன். முள் எழுந்து கோடியில் போய் முட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருந்தேன்.

இதை மனசாட்சிக்குப் பயந்து சொல்கிறேன் என்றுதான் வரும்போது நினைத்துக்கொண்டேன். தங்கைக்கு உண்மை தெரிய வேண்டும், செத்தவன் மேல் பழி நிற்கக் கூடாது என்றெல்லாம் வழியில் நல்ல நல்ல வாக்கியங்கள் தயார் செய்தேன். ஆனால் நாளைக்கு மூன்றாம் தொட்டி. ஸ்டோர் பேச்சை மேனேஜர் விட்டுவிட்டார். சுத்தம் சொல்ல இப்போது யார்டில் நான் ஒருவன்தான். சொன்னவன் உள்ளே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மேலே வெட்டுக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், அன்று அவன் என் முகத்தைப் பார்த்தான், நான் யார் முகத்தைப் பார்ப்பேன்? உங்கள் ஜெயிலில் மேலேயிருந்து பொறி விழாது.

எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். என் தங்கைக்கு நான் ஒரு புருஷன் தர வேண்டும். அது பாக்கி.